நோத்ர தாம் பேராலய முன்றில், பாரிஸ்

இன்று தடையின்றி விரிந்து கிடக்கும் இம்முன்றில், பேராலயத்தை எழுப்பியவர்கள் கண்ட முன்றில் அன்று. 12ஆம் நூற்றாண்டில் ஆயர் மோரிஸ் தெ சுல்லி திருப்பணிக்கெனத் திறந்த நேவ் நோத்ர தாம் வீதி, ஏறக்குறைய 6 மீட்டர் அகலமே உடையதாய், இருமருங்கும் நெருங்கி நின்ற வீடுகளினூடே யாத்திரிகரை அழைத்துவந்து, திடீரெனக் கோபுரங்களின் அடியில் நிறுத்திற்று. கழுத்து நோக அண்ணாந்தாலன்றி அவற்றின் சிகரம் புலப்படாது.

மூன்றாம் நெப்போலியனின் கீழ், 1853 முதல் 1870 வரை சேன் மாகாண நிர்வாகியாக விளங்கிய ஓஸ்மான், சுகாதாரமும் போக்குவரத்தும் ராஜகம்பீரமும் ஒருங்கே கருதி, பேராலயம் நிற்கும் இந்நதித்தீவின் வீடுகளையும் சந்துகளையும் பெருமளவில் இடிப்பித்தார். தென்பால் நதியோரம் நின்ற புராதன ஓத்தெல் தியே மருத்துவசாலையோ, அவர் பதவி நீங்கியபின், வடபால் புதிய கட்டடம் எழுந்ததும் அகற்றப்பட்டது. முன்றில் பன்மடங்கு பெருகிற்று. முகப்பு முழுவதையும் எட்ட நின்று ஒருசேரத் தரிசிக்கும் பாக்கியம் அதனாலேயே நமக்கு வாய்த்தது. ஆயினும் வெளி பெருகப் பெருகக் கோபுரங்கள் சற்றே சிறுத்துவிட்டன என்பதையும் மறைப்பதற்கில்லை.

தரைக்கற்களிடையே நிறம் வேறுபட்டு ஓடும் கோடுகள், மறைந்த வீதியையும் கட்டடங்களையும் குறிப்பன. 1965இல் அகழ்ந்தபோது வெளிப்பட்ட அவற்றின் அஸ்திவாரங்கள், உரோமர் காலச் சுவர்களோடு, இம்முன்றிலின் கீழுள்ள நிலவறையில் பேணப்படுகின்றன.