வீட்டு வண்டியும் கறுப்புத் தொட்டியும்

யாத்திரை போகிறவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை அண்டை வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுவது நம் வழக்கம். அமெரிக்காவிலோ வீட்டையே ஓட்டிக்கொண்டு புறப்படுகிறவர்கள் அநேகர். அடுப்பு, படுக்கை, ஸ்நான அறை, கக்கூஸ் எல்லாம் ஒரு மோட்டார் வண்டிக்குள் அடங்கிவிடுகின்றன. ‘ஆர்.வி.’ என்று அவர்கள் சுருக்கிச் சொல்லும் இதை நாம் வீட்டு வண்டி என்றே வைத்துக்கொள்வோம். அதன் சௌகரியங்களைப் படம் போட்டுக் காட்டுகிறவர்கள் உண்டு. அதன் அடிவயிற்றில் இருக்கும் தொட்டிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

என்னிடம் கணிதம் படித்த மாணவர் ஒருவர் கலிபோர்னியாவில் உத்தியோகம் பார்க்கிறார். 2023-ஆம் வருஷம் மனைவியுடனும் இரண்டு சிநேகிதர்களுடனும் வாடகைக்கு ஒரு வீட்டு வண்டி அமர்த்திக்கொண்டு ‘பர்னிங் மேன்’ என்னும் உத்ஸவத்துக்குப் போயிருந்தார். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அவர் சொன்ன கதையில் பாதி தொட்டிக் கதைதான். மூக்கைப் பிடித்துக்கொள்ள விரும்பும் நேயர்கள் பிடித்துக்கொள்ளலாம். காதை மட்டும் திறந்து வைத்தால் போதும்.

இந்த உத்ஸவம் 1986-ல் ஸான் பிரான்ஸிஸ்கோ கடற்கரையில் சிறு கூட்டமாகத் தொடங்கியது. 1990-ல் நெவாடா ராஜ்யத்தில் உள்ள பிளாக் ராக் பாலைவனத்துக்கு இடம் மாறியது. மரத்தால் செய்த பெரிய மனித உருவம் ஒன்றைக் கொளுத்துவது அதன் முக்கிய வைபவம். ஆகஸ்டு இறுதியில் சுமார் எழுபதினாயிரம் ஜனங்கள் கூடி ஒரு நகரத்தையே எழுப்புகிறார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் அது மறைந்துபோகிறது. அந்நகரத்தில் தெருக்கள் உண்டு, குழாய் இல்லை. சாக்கடை இல்லை. குப்பைத் தொட்டியும் கிடையாது! கொண்டுவந்ததை எல்லாம் திரும்ப எடுத்துப் போக வேண்டும் என்பது விதி. பாத்திரம் கழுவிய ஜலமும் இதில் அடங்கும்.

வீட்டு வண்டியில் மூன்று தொட்டிகள் இருக்கின்றன. ஒன்று நல்ல ஜலத்துக்கு. இன்னொன்றில் ஸ்நானம் செய்ததும் பாத்திரம் கழுவியதுமான ஜலம் சேரும். இதைச் சாம்பல் ஜலம் என்கிறார்கள். கக்கூஸிலிருந்து வருவது கறுப்பு ஜலம். அதற்குத் தனித் தொட்டி. நம் மாணவரின் வண்டியில் கறுப்புத் தொட்டி 40 காலன் கொள்ளுமாம். (யமனைச் சொல்லவில்லை; நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவான அமெரிக்க அளவைச் சொல்கிறேன்.) இனிக் கணக்குப் போடுங்கள். மனிதர் நால்வர், ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து தடவை, தடவைக்கு அரைக் காலன். நாளைக்குப் பத்துக் காலன் ஆயிற்று. நாலாம் நாள் தொட்டி விளிம்பைத் தொடும். உத்ஸவமோ ஒன்பது நாள்!

ஜலத்தைச் சிக்கனம் செய்தால் போகிறது என்று தோன்றும். அங்கேதான் சங்கடம். கறுப்புத் தொட்டியில் ஜலம் போதாவிட்டால் திடமானவை அடியில் குவிந்து இறுகிவிடும்; பிறகு எந்தக் குழாயாலும் இழுக்க முடியாது. ஜலம் விட்டால் தொட்டி நிரம்பும், விடாவிட்டால் அடைக்கும். எவ்வளவு நிரம்பிற்று என்று காட்ட உள்ளே சுவரில் ஒரு விளக்குப் பலகை உண்டு. தொட்டிக்குள் இருக்கும் முனைகளில் காகிதத் துண்டு ஒட்டிக்கொண்டால் அது பொய் சொல்லத் தொடங்கும். இவர் வண்டியில் முதல் நாள் மாலையே ‘மூன்றில் இரண்டு பங்கு’ என்று காட்டியதாம். மூன்றாம் நாளும் அதுவே. நாற்றத்தை அடக்க ரசாயனம் ஊற்றுகிறவர்களும் உண்டு. ஆனால் பார்மல்டிஹைட் போன்ற மருந்துகள், கழிவைச் சிதைத்துத் தூய்மையாக்கும் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடுகின்றன. கலிபோர்னியா ராஜ்யம் அவற்றைத் தடுத்து வைத்திருக்கிறது.

அனுபவசாலிகள் வேறு வழி சொல்கிறார்கள். பகலில் உத்ஸவ நிர்வாகிகள் வைத்திருக்கும் பொதுக் கக்கூஸ்களுக்குப் போவது. வண்டிக்குள் இருப்பதை இரவுக்கும் நோயாளிக்கும் வைத்துக்கொள்வது. அப்படியும் நிரம்பினால், அனுமதி பெற்ற லாரி ஒன்று கட்டணம் வாங்கிக்கொண்டு வந்து உறிஞ்சிப் போகும். சாம்பல் ஜலத்தைத் துணியில் வடிகட்டிப் பருக்கைகளை நீக்கி, கறுப்பு விரிப்பிட்ட ஆழமில்லாத தட்டில் ஊற்றி வெயிலில் வற்ற வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். வடிகட்டாவிட்டால் மறுநாளே அந்தத் தெருவில் நிற்க முடியாது. இரவில் வால்வைத் திறந்து மண்ணில் விட்டுவிடலாமே என்று நினைப்பவருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அது ஆற்றுமணல் அன்று. பழைய லாஹொன்டன் ஏரியின் வறண்ட அடிமண்; காரம் ஏறிய களி. விட்ட ஜலம் அடுத்த கூடாரத்தின் வாசலில்தான் போய் நிற்கும்.

பொதுக் கக்கூஸ்களில் உடலிலிருந்து கழிவதும் மெல்லிய காகிதமும் தவிர வேறெதுவும் போடலாகாது. ஈரத்துணி போன்ற துடைப்பான்கள் கரைவதில்லை. அவை லாரியின் குழாயை அடைத்துக்கொண்டால், ஒரு மனிதர் தம் கையால் அதைப் பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கிறது. உத்ஸவத்துக்கு வந்தவர் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

இதைக் கேட்டபோது எனக்கு ஹரித்வாரம் நினைவுக்கு வந்தது. 1915-ஆம் வருஷத்துக் கும்பமேளாவில், கக்கூஸுக்காக வெட்டிய குழிகளை மண்ணிட்டு மூடும் வேலையை மகாத்மா காந்தி தம்முடைய பீனிக்ஸ் கோஷ்டியின் பொறுப்பாக ஏற்றுக்கொண்டார். கூலிக்குத் தோட்டிகளை வைத்துச் செய்துவந்த வேலை அது. பொறுப்பேற்றவர் தாமாயினும் உழைத்தவர் மகன்லால் காந்தியே என்றும், தாம் கூடாரத்தில் உட்கார்ந்து வந்தவர்களுக்குத் தரிசனம் கொடுத்துக்கொண்டிருக்க நேர்ந்தது என்றும் தம் சுயசரிதத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

நெவாடாவுக்குத் திரும்புவோம். 2023 செப்டம்பர் முதல் தேதி இரவு அந்தப் பாலைவனத்தில் மழை பிடித்துக்கொண்டது. நம் ஐப்பசி மழைக்கு முன் அது தூறல்தான். ஆனால் அந்த மண் குழைந்து, காலில் ஒட்டினால் விடாத பசையாயிற்று. சைக்கிள் உருளவில்லை. செருப்புக்கு மேல் பிளாஸ்டிக் பைகளைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். வாசல்கள் மூடப்பட்டன, வண்டிகள் நகரக் கூடாது என்றும், உணவையும் ஜலத்தையும் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. உறிஞ்சும் லாரிகளும் வண்டிகள்தாமே! அவற்றுக்கும் வழி இல்லை.

நம் மாணவரின் தொட்டியை உறிஞ்ச மறுநாள் காலை லாரி வருவதாக இருந்தது. விளக்குப் பலகையோ எப்போதும்போல ‘மூன்றில் இரண்டு பங்கு’ என்றது. அதை நம்பாமல் அவர் காகிதத்தில் தடவைகளை எழுதிக் கூட்டிப் பார்த்தார். முப்பத்தாறு காலன்! மிச்சம் இருந்த நாலு காலனை நால்வரும் பங்கிட்டுக்கொண்டார்கள். பக்கத்துக் கூடாரத்தில் வயிற்றுப்போக்குக் கண்ட ஒரு கிழவர் இருந்தார். சேற்றில் பொதுக் கக்கூஸ் வரை நடக்க அவரால் முடியாது. நம்மவருடைய மனைவி, “நாம் நடந்து போகலாம், இது அவருக்கு இருக்கட்டும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சிநேகிதர்களில் ஒருவர் முணுமுணுத்தார். ஆயினும் எல்லோரும் நடந்தார்கள். 4-ஆம் தேதி, திங்கட்கிழமை பிற்பகல் வழி திறக்கும் வரையில் அப்படித்தான். கொளுத்த வேண்டிய மர உருவமும் சனிக்கிழமைக்குப் பதிலாகத் திங்கள் இரவுதான் எரிந்தது.

அந்த நிலம் மத்திய சர்க்காருடையது. உத்ஸவம் முடிந்ததும் தொண்டர்கள் தங்கி, வரிசையாக நடந்து, ஆணி, இறகு, மணி வரை பொறுக்குகிறார்கள். பிறகு நில நிர்வாக இலாகா சோதிக்கிறது. குப்பை சராசரி ஏக்கருக்கு ஒரு சதுர அடியைத் தாண்டக் கூடாது. ஆனால் அந்தச் சோதனை வேலிக்கு உள்ளேதான். திரும்பும் பாதை பிரமிட் ஏரியைச் சார்ந்த பையூட் என்னும் ஆதிக்குடிகளின் பூமி வழியாகச் செல்கிறது. வண்டிக்காரர்கள் வழியோரத்தில் மூட்டைகளைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள் என்னும் குறை பல வருஷங்களாக இருந்துவருகிறது.

நம் மாணவர் தொட்டியைக் காலி செய்ய ரீனோ நகரம் வரை போனார். அங்கே வண்டிகள் நீண்ட வரிசையில் காத்திருந்தன. முறை வந்ததும் முணுமுணுத்த சிநேகிதர் அவசரமாகச் சாம்பல் வால்வில் கை வைத்தார். இவர் தடுத்தாராம். முதலில் கறுப்பைத் திறக்க வேண்டும். அது வடிந்த பின் சாம்பலைத் திறந்தால் சோப்பு ஜலம் குழாயையும் கழுவிக்கொண்டு போகும். கடைசியில் தரையையும் கழுவிவிட்டு, அடுத்த வண்டிக்கு இடம் விட்டார்கள்.

“மறுபடியும் போவாயா?” என்று கேட்டேன்.

“போவோம் ஸார். ஆனால் இனிமேல் கூடாரம் போதும் என்கிறாள்” என்றார்.

கூடாரத்திலும் பாத்திரம் கழுவ வேண்டுமே என்றேன். அதற்கு ஒரு வடிகட்டித் துணியும் மூடியுள்ள வாளியும் வாங்கி வைத்தாகிவிட்டதாம்.