வண்டி போன பிறகு

ரயிலைப் படம் பிடிக்கும் பழக்கமுள்ளவர்கள், வண்டி வரும்வரையில் தவம் கிடந்து, வந்ததும் படபடவென்று எடுத்துத் தள்ளிவிட்டு, கடைசிப் பெட்டி வளைவில் மறைந்த மறுகணமே காமிராவை உறைக்குள் போட்டுவிடுகிறார்கள். எனக்கும் பல வருஷங்கள் அதே பழக்கம்தான். கோலாலம்பூருக்கு அருகே பூச்சோங்கில் குடியிருந்துகொண்டு, 2016ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி முதல் எங்கள் பேட்டையில் தலைக்கு மேல் ஓடத் தொடங்கிய எல்.ஆர்.டி. என்னும் இலகு ரயில் வண்டியை நூற்றுக்கணக்கான தடவை படம் பிடித்த பிறகே, அத்தனை படங்களும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன என்பதும், வண்டியின் ரகசியத்தில் பாதி அது போன பிறகு வெறிச்சென்று கிடக்கும் பாதையில்தான் இருக்கிறது என்பதும் எனக்குப் புலப்பட்டன. ஆகையால் ஒரு விடுமுறை நாளை இதற்கென்றே ஒதுக்கி, பூச்சோங்கிலிருந்து கிள்ளான் வரையில் மூன்று பாதைகளில் மாறி மாறிப் பிரயாணம் செய்து, வண்டியை விடத் தரையையே அதிகமாகப் படம் பிடித்தேன்.

பால்மரத் தோட்டங்களும், ஈயம் தோண்டிய பின் நீர் தேங்கிய குட்டைகளுமாக ஒரு காலத்தில் கிடந்த இந்தப் பிரதேசத்தில், இப்போது தூண்களின்மேல் ஏறிச் செல்கிறது ஸ்ரீ பெட்டாலிங் பாதை. அதில் ஓடுபவை சீனாவின் ஜுஜோ நகரத்தில் செய்யப்பட்ட ஆறு பெட்டி வண்டிகள். பூசாட் பண்டார் பூச்சோங் நிலையத்தில் காலை ஏழரை மணி வண்டியைப் போகவிட்டுக் கீழே நோக்கினால், 1435 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு தண்டவாளங்களும், அவற்றுக்குச் சற்று ஒதுங்கி, மூடி போட்டபடி மூன்றாவது ஒன்றும் தெரிகின்றன. அந்த மூன்றாவதன் மேல் சக்கரம் ஏறுவதில்லை. அதில் 750 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கிறது. வண்டியின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு இரும்புக் கை அதைத் தடவிக்கொண்டே போய் மின்சாரத்தைக் கவர்ந்து மோட்டாருக்குக் கொடுக்க, மோட்டார் சுழன்று பல்சக்கரத்தையும், பல்சக்கரம் அச்சையும், அச்சு சக்கரத்தையும் சுழற்ற, வண்டி நகர்கிறது.

இதில் நாம் சாதாரணமாக நினைத்துப் பாராத விஷயம் ஒன்று உண்டு. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு சிறு காசின் அளவே. பல டன் பாரமும் அந்தக் காசளவு இடத்தின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வண்டியை உந்தும் வலிமை முழுவதும் அதன் வழியாகத்தான் தரைக்கு இறங்கியாக வேண்டும். தொடுமிடம் இத்தனை சிறிதாகவும் கடினமாகவும் இருப்பதனால்தான் லாரியைக் காட்டிலும் மிகக் குறைந்த செலவில் ரயில் பாரம் சுமக்கிறது. அதே காரணத்தினால்தான், மழை நனைத்த தண்டவாளத்தில் பிடிப்பு விட்டு, சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலவும் செய்கிறது. குணமும் குற்றமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

ஐந்தாவது நிலையம் புத்ரா ஹைட்ஸ். இங்கே ஸ்ரீ பெட்டாலிங் பாதையும், வடக்கே சுபாங் ஜெயா வழியாகச் சுற்றிவரும் கெலானா ஜெயா பாதையும் வந்து முடிகின்றன. ஜனங்கள் ஒரு வண்டியிலிருந்து இறங்கி மற்றதில் ஏறிக்கொண்டு போய்விடுகிறார்கள், இரண்டும் எல்.ஆர்.டி. என்றே பெயர் பெற்றிருப்பதால் இரண்டும் ஒரே ஜாதி என்பது அவர்கள் எண்ணம். மேடையின் கோடியில் நின்று கீழே பார்ப்பவனுக்கோ, கெலானா ஜெயா பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நட்டநடுவே, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில், மங்கிய வெள்ளி நிறத்தில் ஒரு தகடு நீளநெடுக ஓடுவது தென்படும். மேலே அலுமினியம், அடியில் இரும்பு. அதை எதுவும் தொடுவதில்லை. வண்டியின் வயிற்றுக்கும் அதற்கும் இடையே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் காற்றுதான் இருக்கிறது. ஆனாலும் வண்டியை இழுப்பது அந்தத் தகடே!

சாதாரண மின்மோட்டாரைச் சுருட்டி வைத்த பாயாகப் பாவித்துக்கொள்ளுங்கள். வெளிச்சுற்றில் காந்தமாக மாறும் கம்பிச் சுருள்கள். அவற்றுக்குள்ளே சுழலும் ஓர் உருளை. அந்தப் பாயைப் பிரித்து நேராக விரித்துவிட்டால், சுருள்கள் ஒரு நீண்ட பட்டையாகி வண்டியின் அடியில் தொங்குகின்றன. உருளையோ தகடாகித் தரையில் படுத்துக்கொள்கிறது. சுருள்களில் மாறுமின்சாரம் பாயும்போது ஒரு காந்த அலை வண்டியின் நீளவாக்கில் ஓடுகிறது. அவ்வலை அலுமினியத்தில் சுழல் மின்னோட்டங்களை எழுப்ப, அவை தமக்கென ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கிக்கொண்டு அலையோடு மல்லுக்கு நிற்க, தகடு தரையில் இறுக்கப்பட்டு அசைய முடியாதிருப்பதால், வண்டியே அசைந்து முன்னேறுகிறது. சக்கரங்களுக்கு இங்கே பாரம் தாங்குவதும் வழி தப்பாமல் காப்பதும் தவிர வேறு உத்தியோகம் இல்லை. காசளவு பிடிப்பை நம்பி முன்னேற வேண்டிய அவசியம் இல்லாததனால், மழை நாளிலும் செங்குத்தான ஏற்றத்தை இவ்வண்டி சளைக்காமல் ஏறும்.

இந்த நேர்கோட்டு மோட்டாரை ஆராய்ந்து உலகறியச் செய்தவர்களில் ஒருவர் ஆங்கிலேயப் பேராசிரியர் எரிக் லெய்த்வெயிட். கனடாவில் டொரன்டோ நகரத்தின் ஸ்கார்பரோவில் 1985ஆம் ஆண்டில் இவ்வகை வண்டி ஓடத் தொடங்கி, 2023ஆம் ஆண்டில் நின்றது. அதில் தினம் ஏறி இறங்கிய யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு, கோலாலம்பூரில் 1998 முதல் ஓடிவரும் கெலானா ஜெயா வண்டி ஒருவிதத்தில் உறவுக்கார வண்டி. சுழலும் மோட்டாரைவிட இது மின்சாரத்தை அதிகமாகத் தின்கிறது என்ற குறை உண்மையே. காற்று இடைவெளி காந்தத்துக்குப் பகை. எனினும், தேய்வதற்குப் பல்சக்கரம் ஒன்றும் இல்லாத இந்த ஏற்பாட்டின்மீது எனக்கு இருக்கும் மோகத்தை அந்தக் கணக்கு குறைத்துவிடவில்லை.

இவ்வண்டிக்கு ஓட்டுநர் இல்லை. ஆகவே முன்கண்ணாடி நமக்கே சொந்தம். ஆனால் முன் ஆசனத்தில் ஒரு சிறுவன் எனக்கு முன்பே உட்கார்ந்து ராஜ்யபாரம் நடத்திக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலாகக் காமிராவை நீட்டி, பாதை கிளை பிரியும் இடங்களில் தகடு சிறிது துண்டுபட்டு மறுபடி தொடர்வதைச் சுபாங் ஜெயா வரையில் படம் பிடித்துக்கொண்டே போனேன்.

சுபாங் ஜெயாவில் இறங்கியவுடன் லென்ஸ் முழுவதும் பனி மூடிவிட்டது. குளிர்பதனப் பெட்டிக்குள்ளிருந்து நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்தால் இந்தக் கதிதான். துடைக்கத் துடைக்க மூடும். பத்து நிமிஷம் சும்மா நின்று, அது தானாகத் தெளிந்த பிறகே மலேசிய ரயில்வேயான கே.டி.எம்.மின் மேடைக்கு வந்தேன்.

இது வேறு யுகம். தண்டவாள இடைவெளி ஒரே மீட்டர். மின்சாரமோ தரையில் இல்லாமல் ஆகாயத்தில், 25,000 வோல்ட் மாறுமின்சாரமாகக் கம்பியில் தொங்குகிறது. அழுத்தம் உயர உயர, அதே சக்தியைக் கொண்டு செல்ல ஓட்டம் குறைவாகவே வேண்டியிருப்பதால், மெல்லிய கம்பியே போதுமானதாகிறது. தொலைநோக்கி லென்ஸை மாட்டிப் பாதையின் நேர்கோட்டில் பார்த்தபோது, நேராக இருக்கிறது என்று நாம் நம்பும் அந்தக் கம்பி, கம்பத்துக்குக் கம்பம் இடமும் வலமுமாக வளைந்து செல்லும் கோலம் படத்தில் பளிச்சென்று விழுந்தது. கவனக்குறைவால் நேர்ந்த கோணல் அல்ல அது. கம்பி ஒரே இடத்தில் உராய்ந்தால் வண்டியின் கூரைமேல் உயர்ந்து நிற்கும் சட்டத்தின் கரித்துண்டு வாளால் அறுத்தாற்போல் பள்ளமாகிவிடும் ஆதலால், தேய்மானத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதற்காகவே அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைத்த இந்தப் பாதைதான் சிலாங்கூரின் முதல் ரயில்பாதை. 1886ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்டபோது, ஆற்றுக்குப் பாலம் ஆகாத காரணத்தால் புக்கிட் கூடாவோடு நின்றது. 1890இல் பாலம் முடிந்த பிறகே கிள்ளானுக்குள் நுழைந்தது. ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகவே போட்ட பாதை. ஜல்லி கொட்டியவர்களிலும் தண்டவாளம் சுமந்தவர்களிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மிகுதி. நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத்தார் வந்து சேர்ந்தனர். பிரிக்பீல்ட்ஸ் என்னும் பேட்டை இவ்விரு சாராரின் சமையல் வாசனையால் நிறைந்ததும் ரயிலினால்தான். அங்கிருந்த ‘நூறு குவார்ட்டர்ஸ்’ என்னும் ஊழியர் குடியிருப்பு வீடுகள் இன்று இல்லை.

கிள்ளான் நிலையத்தில் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. துறைமுகத்திலிருந்து வந்த கொள்கலன் வண்டி ஒன்று, சைகைக்காக மேடையருகே நின்றது. முன்னால் டீசல் எஞ்சின். டீசல் என்ற பெயர் நம்மை ஏமாற்றுகிறது: எண்ணெய் எரிந்து சுழலும் யந்திரம் நேராகச் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை, ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றி மின்சாரம் உண்டாக்குகிறது, அந்த மின்சாரமே அச்சுகளோடு பிணைத்த மோட்டார்களை ஓட்டுகிறது. ஆக, காலையிலிருந்து நான் கண்ட நான்கு வகை வண்டிகளையும் நகர்த்துவது மின்சாரமும் காந்தமும்தான். ஒன்று தரையிலிருந்தும், ஒன்று ஆகாயத்திலிருந்தும் வாங்குகிறது. ஒன்று தன் மோட்டாரில் பாதியையே தரையில் விட்டுவைத்திருக்கிறது. இதுவோ மின்நிலையத்தையே முதுகில் சுமந்து திரிகிறது.

சைகை பச்சையாயிற்று. எஞ்சின் உறுமியது. நான் காமிராவை அதன் முகத்துக்கு நேரே உயர்த்தியபோது, பக்கத்தில் குடையோடு நின்றிருந்த, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், “தம்பி, மூஞ்சிய விடுங்க, சக்கரத்துக்கிட்ட பாருங்க. மணல் விடுறான்” என்றார்.

“மணலா, ஐயா?”

“பின்ன? நனைஞ்ச தண்டவாளத்துல இவ்வளவு பாரத்த எப்படிக் கிளப்புவான்?”

சக்கரத்துக்கு முன்னால், தண்டவாளத்தை முகர்வது போல் வளைந்திருந்த ஒரு குழாயிலிருந்து உலர்ந்த மணல் சீறிக்கொண்டு விழ, சக்கரம் அதை நறநறவென்று அரைத்துப் பிடிப்புத் தேடிக்கொண்டு, பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சென்றது. கடைசிக் கொள்கலனும் கடந்த பிறகு மேடை ஓரத்தில் குனிந்து பார்த்தேன். நனைந்து கறுத்திருந்த தண்டவாளத்தின் தலையில், எஞ்சின் நின்ற இடத்திலிருந்து ஓர் ஆள் தூரம் வரையில், அரைபட்ட மணல் அரிசி மாவு போல வெளுத்துக் கிடந்தது. மழை அதைக் கழுவுவதற்குள் மூன்று படம் எடுக்க முடிந்தது.