கீமோ நேரத்தில் தடுப்பூசி: பயம் ஒரு பக்கம், ஆபத்து மறுபக்கம்

மழைக்காலம் வந்துவிட்டால் புற்றுநோய் மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிற காட்சி இது. கீமோ முடிந்து பத்து நாள் ஆகியிருக்கும். மூன்று நாளாகக் காய்ச்சல். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய பாராசிட்டமால், கூடவே நிலவேம்புக் கஷாயம். மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் ஆட்டோ பிடிக்கிறார்கள். "ஃபுளூ ஊசி போட்டீங்களாம்மா?" என்று கேட்டால், "ஏற்கெனவே உடம்பு தளர்ந்து கிடக்கு டாக்டர், இதுல ஊசி வேறயா?" என்கிறார்கள்.

'தளர்ந்த உடம்பு தாங்காது'

தளர்ந்த உடம்புக்குத்தான் ஊசியே தேவை. ஃபுளூ, நிமோனியா, கொரோனா ஊசிகளால் அந்தந்த நோய் வராது. நோயை உண்டாக்கும் உயிருள்ள கிருமி அவற்றில் இல்லை. அக்கிக்கு 2023 முதல் இந்தியாவில் கிடைக்கும் இரண்டு தவணை ஊசியும் அப்படித்தான். கீமோ சமயத்தில் பலன் கொஞ்சம் குறையலாம். அதற்காகப் போடாமலே இருப்பது என்ன கணக்கு?

ஒதுக்க வேண்டியவை வேறு. எம்.எம்.ஆர்., சின்னம்மை, பி.சி.ஜி., மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிகளிலும் மூக்கில் அடிக்கும் ஃபுளூ ஸ்பிரேயிலும் வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி உண்டு. கீமோ முடிந்து குறைந்தது மூன்று மாதமாவது ஆக வேண்டும். அப்போதும் டாக்டர் சொன்னால்தான்.

'ஊசி போட்டதும் கட்டி வந்துடுச்சு'

2021-இல் கொரோனா ஊசி போட்ட பலருக்கு அக்குளில் நெறி கட்டியது. மேமோகிராமிலும் ஸ்கேனிலும் அது தெரிந்தது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள், நோய் திரும்பிவிட்டதென்று ஆடிப்போனார்கள். ஊசிக்கு உடல் காட்டும் எதிர்வினை அது. சில வாரங்களில் வடிந்துவிடும். வடியாவிட்டால் காட்டியே ஆக வேண்டும். ஸ்கேனுக்குப் போகும்போது எந்தக் கையில், எந்தத் தேதியில் ஊசி போட்டது என்று சொல்லிவிடுங்கள். அக்குளில் நெறி நீக்கியவர்கள் மறு கையில் போட்டுக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் நீக்கியிருந்தால் தொடையில்.

தடுப்பூசியால் புற்றுநோய் திரும்பும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. வாட்ஸ்அப்பில் வருவது ஆதாரம் ஆகாது.

காய்ச்சலை மறைக்கும் மாத்திரை

ஊசி போட்ட பின் வரும் கை வலி, அசதி, லேசான காய்ச்சல் எல்லாம் ஓரிரு நாளில் போய்விடும். ஆனால் கீமோவில் இருப்பவருக்கு 100.4 டிகிரி வந்துவிட்டால், "ஊசிக் காய்ச்சல்தான்" என்று வீட்டில் யாரும் தீர்ப்பு எழுதக் கூடாது. வெள்ளை அணுக்கள் சரிந்திருக்கும் வேளையில் கிருமித் தொற்று சில மணி நேரத்திலேயே உயிருக்கு உலை வைக்கும். பாராசிட்டமால் தெர்மாமீட்டரில் தெரியும் எண்ணைத்தான் இறக்கும். தொற்று உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். கஷாயமோ கீமோ மருந்தோடு சேர்ந்து என்ன செய்யும் என்று கொடுப்பவருக்கே தெரியாது. மருத்துவமனையில் ரத்த அணு எண்ணிக்கையும் கல்ச்சரும் பார்ப்பார்கள்.

எப்போது, யாருக்கு?

கீமோ தொடங்க இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்வது உத்தமம். தொடங்கிவிட்டதென்றால் இரண்டு சுற்றுக்கு நடுவே எப்போது என்று கேளுங்கள். ரிட்டுக்ஸிமாப் மருந்து எடுத்தவர்கள் பொதுவாக ஆறு மாதம் பொறுக்க வேண்டியிருக்கும். தட்டணுக்கள் குறைவென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல் சில நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள்.

வீட்டிலுள்ள மற்றவர்களும் ஆண்டுதோறும் ஃபுளூ ஊசி போட்டுக்கொள்ளட்டும். பேரக்குழந்தையின் எம்.எம்.ஆர். ஊசியை நிறுத்த வேண்டாம். போலியோ சொட்டு மருந்து மட்டும் தனிக் கதை: அந்தக் கிருமி சில வாரம் மலத்தில் வெளியேறும். நோயாளி வீட்டில் இருப்பதைக் குழந்தை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்; குழந்தைக்குக் கால் கழுவிவிடும் வேலையை வேறு யாராவது செய்யட்டும்.

மருத்துவர்கள் கெஞ்சிக் கேட்பது இவ்வளவுதான்: அடுத்த சுற்றுக்கு வரும்போது "எனக்கு எந்த ஊசி, எப்போ?" என்று கேளுங்கள். காய்ச்சல் வந்தால் நடுராத்திரியானாலும், மாத்திரை போடும் முன் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.