மூன்று மணிகள் ஒளிர்ந்த சாலை

கல்லூரி மலரில் திரையரங்கைப் பற்றி எழுதலாமா எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். படங்களின் நன்மை தீமைகளை ஆராய்வது நம் நோக்கமன்று. ஒரு நகரம் தன் மக்களுக்கு அமர்வதற்கு எத்தகைய இடங்களைத் தந்தது, அவற்றை எவ்வாறு இழந்தது என்பதே நாம் விளக்கப் புகுவது.

இன்று வணிக வளாகத்தின் மேல்தளத்தில் ஐந்தாறு அரங்குகள் இருப்பது மாணவர்க்கு வியப்பளிக்காது. ஒரு கூரையின் கீழ்ப் பல அரங்குகள் என்னும் அமைப்பை நம் நாட்டில் முதலில் கண்டவற்றுள் ஒன்று, 1964இல் சென்னை மவுண்ட் ரோட்டில் திறக்கப்பட்ட சஃபையர் வளாகம். சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என மூன்று அரங்குகளும் மணிகளின் பெயர் பூண்டவை.

இவ்வமைப்பின் பயன் எளிதில் விளங்கும். குளிர்சாதன ஏற்பாடும் வண்டி நிறுத்துமிடமும் பொதுவாகின்றன, பணியாளரும் அவ்வாறே. பெரிய அரங்கில் கூட்டம் குறைந்த படத்தைச் சிறிய அரங்கிற்கு மாற்றி மேலும் சில வாரங்கள் ஓட்டலாம். தனி அரங்கிற்கு இவ்வசதி இல்லை.

சஃபையரின் பெருமை எழுபது மில்லிமீட்டர் படங்கள். வழக்கமான முப்பத்தைந்து மில்லிமீட்டர்ச் சுருளினும் இருமடங்கு அகலமுள்ள சுருளில் படம் பதிவாவதால், அகன்ற திரையிலும் உருவம் மங்காது. ஒலியோ ஆறு காந்தத் தடங்களில் அமைந்து, திரையின் பல பக்கங்களிலிருந்தும் எழும். இதனைச் செவியால் உணர்ந்தவர்க்கே அதன் வியப்புத் தெரியும்.

ஆயினும் ஐம்பது அகவையைக் கடந்த நம்மவரிடம் கேட்டால், முகம் மலர்ந்து முதலில் சொல்வது புளூ டைமண்டைப் பற்றித்தான். அங்கே தொடர்காட்சி முறை இருந்தது. காலையில் தொடங்கும் படம் முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து ஓடும். அரங்கைக் காலி செய்யும் வழக்கமில்லை. எந்நேரமும் உள்ளே நுழையலாம். நடுவில் நுழைந்தவர் முடிவைக் கண்டு, பின் தொடக்கத்தைக் கண்டு, தாம் வந்த கட்டம் வந்ததும் எழுந்து போவார். எழாமலும் இருக்கலாம், கேட்பாரில்லை. கொலையாளி யார் எனத் தெரிந்த பின்னரே கொலையைக் காணும் விந்தை அங்கன்றி வேறெங்கு வாய்க்கும்?

படவீச்சு அறையில் இருந்தவர்க்கு அது கடும் பணி. இரண்டாயிரம் அடிச் சுருள் ஒன்று ஏறத்தாழ இருபத்திரண்டு நிமிடமே ஓடும். ஆகவே இரண்டு கருவிகளை அருகருகே வைத்து, ஒன்றில் சுருள் முடியும் கணத்தில் மற்றொன்றை இயக்க வேண்டும். திரையின் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறைவதே அதற்குக் குறிப்பு. நாள் முழுதும் இது நடந்தது.

கீழே இருந்தவர்களோ பலதரத்தார். வகுப்பைத் துறந்த மாணவர், நேர்முகத் தேர்வு முடித்து ஊர்வண்டிக்குக் காத்திருந்த இளைஞர், வெயிலில் அலைந்த விற்பனையாளர். படத்திற்கென வந்தவர் பாதி. குளிர்ந்த காற்றுக்கென வந்தவர் மீதி. சிறு தொகைக்குச் சித்திரை வெயிலிலிருந்து ஒதுங்க, ஏழைக்கும் அந்தச் சாலையில் இடம் இருந்தது. இன்றைய வளாகங்களில் இருக்கைக்கு எண் உண்டு. காட்சி முடிந்ததும் வெளியேறுதல் கட்டாயம்.

1980களில் ஒளிநாடா இல்லங்களுக்குள் புகுந்தது. 1990களின் தொடக்கத்தில் செயற்கைக்கோள் தொலைக்காட்சியும் வந்தது. பெரிய அரங்கை நிரப்புதல் அரிதாயிற்று. அரங்கின் வருவாய் தேய, அது நின்ற மண்ணின் விலையோ ஏறிற்று. 1990களில் சஃபையர் வளாகம் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. அதே சாலையின் ஆனந்தும் அலங்காரும் பிறகு மறைந்தன. புரசைவாக்கத்தில் 1976இல் எழுந்த அபிராமி, காலத்திற்கேற்ப வணிக வளாகமாகவே உருமாறியது. அதுவும் 2019இல் மூடப்பட்டது. வளாகமாவதும் காப்பாகவில்லை.

இவ்வனைத்திற்கும் மூத்ததொன்று இன்றும் நிற்கிறது. 1913இல் தோன்றிய எலக்ட்ரிக் தியேட்டர் இரண்டே ஆண்டுகளில் அஞ்சல் துறையின் கைக்கு வந்தது. அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தின் வளாகத்துள் அது அஞ்சல்தலை நிலையமாக இயங்குகிறது. அஞ்சல்தலை வாங்கச் செல்லும் மாணவர் சற்றே அண்ணாந்து பார்க்கலாம்.