தளம் திறக்கவில்லையா? 'தடை' என்று சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

"தளத்தை முடக்கிப்போட்டாங்கள்." எங்கள் இணையத்தளம் ஒன்று திடீரெனத் திறக்காமல் போனால் முதலில் எழும் பேச்சு இதுதான். அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. 2007 யூனில் தமிழ்நெற் இலங்கைக்குள் தடுக்கப்பட்டது. வெளிநாடுகளில் அது வழமைபோல் திறந்தது. 2018 மார்ச்சில் கண்டி வன்முறைகளின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன.

ஆனால் திறக்காத தளமெல்லாம் தடுக்கப்பட்ட தளம் அல்ல. தளம் குடியிருக்கும் கணினியான வழங்கியில் வட்டு நிறைந்திருக்கலாம். தளப் பெயருக்கான ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறியிருக்கலாம். ஆதாரமில்லாமல் ஒருமுறை 'தடை' என்று அறிவித்துவிட்டால், உண்மையான தடை வரும் நாளில் எங்கள் சொல் எடுபடாது.

நான்கு கருவிகள்

லினக்ஸ் வழங்கிகளில் இதைச் சோதிக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 'பிங்' ஒரு சிறு செய்தியை அனுப்பி, மறுமுனை பதில் தருகிறதா, எத்தனை மில்லிசெக்கனில் தருகிறது என்று பார்க்கும். 1983இல் மைக் மூஸ் எழுதிய இது இன்றும் முதற்கருவி. பல இடங்களில் பிங் செய்திகளுக்குப் பதில் தராமல் வைத்திருப்பார்கள் என்பதால், பதில் இல்லை என்றவுடன் மறுமுனை செத்துவிட்டதென முடிவெடுக்கக் கூடாது.

'ட்ரேஸ்ரூட்' செய்தி போகும் பாதையைத் தரிப்பிடம் தரிப்பிடமாகக் காட்டும். 'டிக்', தளப் பெயருக்கு எந்த ஐபி முகவரி கிடைக்கிறது என்று சொல்லும். 'ஹூஇஸ்' அந்தப் பெயரின் பதிவு எப்போது காலாவதியாகிறது என்று காட்டும்.

கட்டளை தெரியாதவருக்கும்

இவற்றைக் கறுப்புத் திரையில் தட்டச்சு செய்ய எல்லோருக்கும் தெரியாது. நிர்வாகி நித்திரையில் இருக்கும் நேரத்தில் தளம் விழுந்தால், ஆசிரியர் பீடத்தில் இருப்பவர் என்ன செய்வார்? அதற்காகத்தான் இவற்றை வழங்கியின் இணைய முகப்பில் சேர்த்து வைக்கிறோம். உதாரணமாக, லினக்ஸ் வழங்கிகளை உலாவி மூலம் நிர்வகிக்க உதவும் வெப்மினில் 'கஸ்டம் கமாண்ட்ஸ்' என்றொரு பகுதி உண்டு. ஒரு கட்டளையை அங்கே ஒருமுறை எழுதி வைத்தால் அது பொத்தானாக மாறிவிடும். பிறகு பொத்தானை அழுத்தினால் போதும், விடை திரையில் வரும்.

விடையை எப்படி வாசிப்பது?

பலர் தவறுவது இங்கேதான். முகப்பில் ஓடும் கருவி, வழங்கி இருக்கும் இடத்திலிருந்து பார்க்கிறது; வாசகர் இருக்கும் இடத்திலிருந்து அல்ல. வழங்கி ஐரோப்பாவிலும் வாசகர் கிளிநொச்சியிலும் இருந்தால், வழங்கியில் எல்லாம் சரியெனத் தெரிவது பாதி விடை மட்டுமே. அதே நேரத்தில் கிளிநொச்சியில் ஒருவர் தன் கணினியில் அதே சோதனைகளைச் செய்ய வேண்டும்.

இரு இடத்திலும் தளம் திறக்கவில்லை என்றால் பழுது பெரும்பாலும் எங்கள் பக்கம். வெளிநாட்டில் திறந்து, உள்ளூரில் ஓர் இணையச் சேவையில் மட்டும் திறக்காவிட்டால், அந்தச் சேவையில் பழுதோ தடையோ இருக்கலாம். அந்தச் சேவை தரும் ஐபி முகவரி தொடர்பில்லாத ஒன்றாக இருந்து, வேறு பொது டிஎன்எஸ் சரியான முகவரியைத் தந்தால், தடை என்ற சந்தேகம் வலுக்கும். திகதி, நேரம், இணையச் சேவையின் பெயர் ஆகியவற்றோடு விடைகளைச் சேமித்து வையுங்கள். முறைப்பாடு செய்யும்போது பேசப்போவது அந்தப் பதிவுதான்.

பொத்தானே வாசலாகிவிடலாம்

ஒரு எச்சரிக்கை. முகவரி எழுதும் பெட்டியில் யாராவது முகவரிக்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளியும் இன்னொரு கட்டளையும் சேர்த்து எழுதினால், கவனமில்லாமல் அமைத்த முகப்பு அந்தக் கட்டளையையும் நிறைவேற்றிவிடும். வெப்மின் வழமையாக வழங்கியின் முழு அதிகாரத்தோடு ஓடுவது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தந்த சாட்சியங்களும் தொலைபேசி இலக்கங்களும் அதே வழங்கியில் இருந்தால், அவை முழுவதும் அந்நியர் கைக்குப் போய்விடலாம்.

ஆகவே, பெட்டியில் எதையும் எழுத விடாமல், சோதிக்க வேண்டிய முகவரிகளை முன்பே பட்டியலிட்டுத் தெரிவு செய்ய மட்டும் விடுங்கள். ஆசிரியர் பீடத்துக்குத் தனிக் கணக்குக் கொடுத்து, அதில் அந்தப் பொத்தான்கள் மட்டும் தெரியும்படி செய்யுங்கள். முகப்பை உலகத்துக்கே திறந்து வைக்காமல் விபிஎன் வழியாக மட்டும் அணுகுங்கள். புதிய பதிப்புகளை உடனுக்குடன் நிறுவுங்கள்: வெப்மின் 1.890 முதல் 1.920 வரையான பதிப்புகளில் யாரோ இரகசியமாகப் பின்வாசல் ஒன்றைப் புகுத்தியிருந்தது 2019 ஓகஸ்டில்தான் வெளியே தெரிந்தது.

இவ்வளவையும் தளம் நன்றாக ஓடும் நாளிலேயே செய்து, ஒருமுறை சோதித்தும் பாருங்கள். நல்ல நாளில் எடுத்த பதிவு கையில் இருந்தால்தான், கெட்ட நாளில் என்ன மாறியிருக்கிறது என்று காட்ட முடியும்.