திரும்பிப் போக நிலம் இல்லாதவர்களின் யூபிலி ஆண்டு

கத்தோலிக்கத் திருச்சபை கொண்டாடிய 2025 யூபிலி ஆண்டு நிறைவடைந்துவிட்டது. மறைமாவட்டங்களில் 2025 டிசம்பர் 28ஆம் தேதியும் ரோமில் 2026 ஜனவரி 6ஆம் தேதியும் இந்தப் புனித ஆண்டு முடிந்தது. 2024 டிசம்பர் 24 இரவு புனித பேதுரு பேராலயத்தின் புனிதக் கதவைத் திறந்தவர் திருத்தந்தை பிரான்சிஸ். 2025 ஏப்ரல் 21இல் அவர் மறைந்துவிட்டதால் அதை மூடியவர் திருத்தந்தை பதினான்காம் லியோ. ரோமுக்குப் போய் அந்தக் கதவைக் கடந்து வந்தவர்களின் படங்களை ஆண்டு முழுக்க இன்ஸ்தாகிராமில் பார்த்துவிட்டோம். பேராக் மாநிலத்தில், ரப்பர் தோட்டங்களிலிருந்து ஈப்போவுக்கு வந்து சேர்ந்த எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அந்த ஆண்டு என்னவாக இருந்தது? அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

யூபிலி என்ற பெயர் எபிரேய மொழியின் 'யோபேல்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆட்டுக்கடாவின் கொம்பு என்று பொருள். பழைய ஏற்பாட்டில் லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் இதை விளக்குகிறது. ஏழு முறை ஏழு ஆண்டுகள் கழிந்து 50ஆம் ஆண்டு வந்ததும் கொம்பு ஊதப்படும். வறுமையால் விற்ற நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பும். அடிமையாய்ப் போனவர்கள் விடுதலை பெறுவார்கள். அவரவர் தம் காணிக்கும் தம் உறவுகளிடமும் திரும்பிப் போவார்கள். திருச்சபையில் இந்த வழக்கத்தை 1300ஆம் ஆண்டு தொடங்கிவைத்தவர் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ். நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்றிருந்தது பிறகு ஐம்பதாகி, கடைசியில் இருபத்தைந்தாகக் குறைந்தது. ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யும்படி இந்த யூபிலிக்கான அறிவிப்பு மடலில் திருத்தந்தை பிரான்சிஸ் கேட்டதற்கும் அந்தப் பழைய அதிகாரமே வேர்.

இளையோர் கூட்டத்தில் இதை வாசித்தபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. திரும்பிப் போக நிலமே இல்லாதவர்கள் என்ன செய்வது?

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறை வாழ்ந்தது. பால்மரம் வெட்டியது, பிள்ளை பெற்றது, இறந்தவர்களை அங்கேயே புதைத்தது. லயத்து வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரைதான் வீடு. ரப்பர் போய் செம்பனை வந்தது. வேலையோடு வீடும் போனது. தமிழ்நாட்டில் எந்த ஊர் என்று கேட்டால் பாட்டிக்கு ஊர்ப் பெயர் மட்டும் தெரியும். அங்கே யாரையும் தெரியாது. ஆக, லேவியர் நூல் சொல்லும் காணி எங்களுக்கு அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

ஆனால் தோட்டத்திலிருந்து புந்தோங்குக்கு லாரியில் ஏறி வந்த சாமான்களில் ஒன்று இன்றும் வீட்டில் இருக்கிறது. திரு இருதய ஆண்டவர் படம். அதன் முன்னால் மாலை ஏழு மணிக்குச் சொல்லும் செபமாலையும் கூடவே வந்தது.

பாட்டி பிறந்தது 1948இல். அந்த ஆண்டு ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர், அவசரகாலம் தொடங்கியது. அதன்பின் ஊரடங்கு, முள்வேலி, சோதனை. பட்டணத்துக் கோயிலுக்குப் போவது எளிதாக இல்லை. பாதர் எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான் செபம் நடத்துவார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பார். அவரும் இல்லாத மாலையில் வீட்டில் மூத்த பெண் தொடங்கிவிடுவாள். விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள் என்பதால் செபம் நீளக் கூடாது; ஆனால் ஒரு நாளும் நிற்கவும் கூடாது. குடும்ப செபம் என்பதை இப்போது பலர் பக்தி முயற்சி என்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் குடும்ப செபம்தான் கோயில்.

அந்தச் செபங்களின் தமிழ் தனி ரகம். பாட்டி 'சர்வேசுரன்' என்பார். எங்கள் செபப் புத்தகத்தில் 'கடவுள்' என்றிருக்கும். 'இஸ்பிரீத்து சாந்து' என்பார். எங்களுக்குத் 'தூய ஆவி'. இது போர்த்துகீசிய மொழிச் சொல் என்பதே பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கடல் கடந்து வந்த போர்த்துகீசியர் வாயிலிருந்து தமிழகக் கடற்கரைக்கும், அங்கிருந்து கப்பலேறி மலாயாத் தோட்டத்துக்கும் வந்த சொல், இன்று புந்தோங்கில் ஒரு மூதாட்டியின் வாயில் உயிரோடு இருக்கிறது. 2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் செபமாலையில் சேர்த்த ஒளியின் மறையுண்மைகளைப் பாட்டி இன்னும் 'புதுசு' என்றுதான் சொல்வார். வியாழக்கிழமை அதைத் தொடங்கும் பொறுப்பு எனக்கு.

என் தம்பி தங்கைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. தேசியப் பள்ளியில் படித்தவர்கள். அவர்களுக்காகப் பெரியம்மா செபங்களை ஆங்கில எழுத்தில் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுத்து தெரியாவிட்டாலும் 'மன்றாடும்' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்கிறார்களே, அதுவே பெரிது. வீட்டில் வேறு எந்த நேரத்தில் அந்தச் சொல் அவர்கள் காதில் விழப்போகிறது?

புனிதர்கள் விஷயத்துக்கு வருவோம். அந்த ஆண்டு எங்கள் வயதினர் அதிகம் பேசியது கார்லோ அக்குதிஸ் பற்றித்தான். 1991இல் லண்டனில் பிறந்து மிலான் நகரில் வளர்ந்தவர். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தளம் உருவாக்கியவர். 2006இல் 15 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தவர். மலையேற்றத்தில் ஆர்வம் கொண்டிருந்து 24 வயதில் இறந்த பியர் ஜோர்ஜியோ பிரசாத்தியோடு சேர்த்து, 2025 செப்டம்பர் 7ஆம் தேதி அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. ஜீன்சும் விளையாட்டுக் காலணியும் அணிந்த புனிதரின் படம் யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் பாட்டியின் பட்டியல் வேறு. காணாமல் போன பொருளுக்கு அந்தோணியார், காய்ச்சலுக்குச் செபஸ்தியார், நல்ல மரணத்துக்குச் சூசையப்பர். மருத்துவமனை தூரத்தில் இருந்த தோட்டத்தில் கொள்ளைநோயிலிருந்து காப்பவராகச் செபஸ்தியாரைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. என்னைக் கேட்டால், நாங்கள் இன்னும் அதிகம் பேச வேண்டியவர் புனித தேவசகாயம். 1712இல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசில் அலுவலராக இருந்து, 1745இல் திருமுழுக்குப் பெற்று, 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். சாதி பாராமல் எல்லாரோடும் பழகியது அவர் மேல் வந்த பகைக்கு ஒரு காரணம். 2022 மே 15இல் அவரைப் புனிதராக உயர்த்தியபோது பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை வத்திக்கான் விட்டுவிட்டது. 2025 யூபிலி ஆண்டில் இந்தியப் பொதுநிலையினரின் பாதுகாவலராகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறார். நம் கல்யாணப் பேச்சுகளில் இன்னும் சாதி எட்டிப் பார்ப்பதை அறிந்தவர்களுக்கு இவர் பழைய புனிதர் அல்லர்.

ஜூலையில் புக்கிட் மெர்தாஜம் புனித அன்னம்மாள் பேராலயத்துக்குப் போனோம். ஈப்போவிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அன்னம்மாள் மரியாளின் தாய். அதாவது இயேசுவின் பாட்டி. அவருடைய திருநாள் ஜூலை 26. தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்கும் திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்திய உலக நாள் 2025இல் அதற்கு மறுநாளே வந்தது. மெழுகுவர்த்தி ஏந்தி நின்ற கூட்டத்தில் நெற்றியில் திருநீறு பூசியவர்களும் இருந்தார்கள், ஊதுவத்தி கொண்டுவந்த சீனப் பாட்டிகளும் இருந்தார்கள். அங்கே இது புதிதல்ல.

எங்கள் பாட்டியால் வர முடியவில்லை. இடுப்பு எலும்பு முறிந்த பிறகு வீட்டுக்கு வெளியே நடமாட்டம் இல்லை. "நீ போய்ட்டு வாம்மா, எம் பேருல ஒரு மெழுகுவத்தி வையி" என்றார். உண்மையில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. 2024 மே மாதம் வத்திக்கான் வெளியிட்ட விதிமுறைகளின்படி, வெளியே போக முடியாத முதியோரும் நோயாளிகளும் வீட்டிலிருந்தே மனத்தால் ஒன்றித்துச் செபித்தால் யூபிலியின் பரிபூரண பலனைப் பெறலாம் என்றிருந்தது. முதியோரையும் நோயாளிகளையும் சிறையில் இருப்போரையும் போய்ப் பார்ப்பதும் திருப்பயணத்துக்குச் சமம் என்கிறது அந்த ஏடு; அவர்களிடம் கிறிஸ்து இருப்பதால். ஒரு நாளாவது சமூக ஊடகங்களைத் தவிர்ப்பதும் தவமாம். (இதைத் தம்பியிடம் சொன்னேன். ரோமுக்கு நடந்தே போய்விடுகிறேன் என்றான்.)

விதிமுறைகளைப் படித்த பிறகு பெரியம்மாதான் சொன்னார், தோட்டத்துக்கு ஒருமுறை போய் வரலாம் என்று. ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு வேனில் ஒன்பது பேர் போனோம். அந்தோணியார் சிற்றாலயம் இருந்த இடத்தில் சிமெண்டுத் தளமும் ஒரு மாமரமும் மட்டும். சற்றுத் தள்ளி மாரியம்மன் கோயில் நிற்கிறது. ஆடித் திருவிழாவுக்கு வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். ஒரு வரிசை லயம் இடிபடாமல் இருக்கிறது. அதில் இப்போது வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்கள் குடியிருக்கிறார்கள். நாங்கள் மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பார்த்து ஓர் இளைஞர் வந்தார். கழுத்தில் செபமாலை. கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக வாழும் புளோரஸ் தீவைச் சேர்ந்தவர். எங்களுக்கும் அவருக்கும் பொதுமொழி மலாய். ஐந்து தேவ இரகசியங்களில் மூன்று தமிழில், இரண்டு மலாயில் என்று பங்கிட்டுக்கொண்டோம். அவர் குடும்பம் ஊரில் இருக்கிறது; ஒப்பந்தம் முடியும்வரை லயம்தான் வீடு. வேலை இருக்கும்வரை வீடு என்ற அதே விதி, அதே கூரையின் கீழ் இன்னொருவருக்குத் தொடர்கிறது. பெரியம்மா அவருக்கு முறுக்கு டின்னைக் கொடுத்துவிட்டு வந்தார். மாமா அவருடைய கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டார். கிறிஸ்மஸ் திருப்பலிக்குச் சிலிபின் லூர்து மாதா ஆலயத்துக்கு அழைத்துவர வேன் ஏற்பாடு நடக்கிறது.

வீட்டுக்கு வந்து பாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். மாமரத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். அன்றிலிருந்து அவர் வாயால் சொல்லும் பழைய செபங்களை ஒரு பயிற்சிப் புத்தகத்தில் தமிழிலேயே எழுதி வருகிறேன். இதுவரை பதினான்கு ஆகியிருக்கிறது. மூன்றில் பாட்டி சொல்வதும் பெரியம்மா சொல்வதும் ஒத்துவரவில்லை. இரண்டையும் எழுதிவைத்திருக்கிறேன்.