ஸ்கேன் அறையில் ஏசி யாருக்காக?

சி.டி. ஸ்கேன் அறை வாசலில் காத்திருக்கும் நம் மக்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "அத்தாவுக்குக் குளிருது, ஏசியை நிறுத்தச் சொன்னா மாட்டேங்கிறாங்க. மனுசனை விட மெஷின் பெரிசா?" ஏப்ரல், மே வெயிலில் பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் தருமபுரிக்கு பஸ் பிடித்து வந்தவர்களுக்கு இந்தக் கோபம் வருவது இயல்புதான். ஆனால் அந்தக் குளிருக்கும் அத்தாவின் ரிப்போர்ட்டுக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது.

சி.டி. ஸ்கேன் என்பது எக்ஸ்ரேயின் வளர்ந்த வடிவம். 1971-ல் லண்டனில் ஒரு பெண்மணியின் மூளையைத்தான் முதன்முதலாக இதில் படம் எடுத்தார்கள். இதை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டும், இதன் கணித அடிப்படையைத் தந்த கார்மக்கும் 1979-ல் நோபல் பரிசு பெற்றனர். நோயாளி படுத்தபடி உள்ளே போகும் வளையத்துக்குள் ஒரு பக்கம் எக்ஸ்ரே குழாய், எதிர்ப்பக்கம் 'டிடெக்டர்' எனும் உணர்கருவி. இரண்டும் சேர்ந்து உடலைச் சுற்றிச் சுழலும். உடலைத் துளைத்து வந்த கதிர் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளப்பது டிடெக்டரின் வேலை. அதில் வரிசைக்கு நூற்றுக்கணக்கான நுண்ணிய கண்கள் உண்டு. ஒவ்வொரு கண்ணிலும் மேலே, எக்ஸ்ரே பட்டால் ஒளிரும் ஒரு பொருள். கீழே, அந்த ஒளியை மின்சாரமாக்கும் சிலிக்கான் சில்லு.

இந்த இரண்டுமே சூட்டுக்கு மசியக்கூடியவை. வெப்பம் மாறினால் மேலே உள்ள பொருள் தரும் ஒளியின் அளவும் மாறும். கீழே உள்ள சிலிக்கானோ, ஒளியே படாவிட்டாலும் கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிடும். ஏறத்தாழ 10 டிகிரி சூடு கூடினால் அந்தக் கசிவு இரட்டிப்பாகிவிடும். அளக்க வேண்டிய மின்சாரமே மிக மிகச் சிறியது என்பதால் இந்தக் கசிவு பெரிய விஷயம். நகைக்கடைத் தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பதைப் பார்த்திருப்போம். காற்று பட்டால் மில்லிகிராம் கணக்கு தப்பிவிடும். இங்கே காற்றின் இடத்தில் சூடு.

கணக்கு தப்பினால் என்ன ஆகும்? தொப்பூர் கணவாயில் விபத்தில் சிக்கி, தலையில் அடிபட்டு வருகிறவரை எடுத்துக்கொள்வோம். சி.டி. கணக்கில் தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. மூளைத் திசு ஏறக்குறைய 25 முதல் 40 வரை. புதிதாக உறைந்த இரத்தம் 60, 70 என்ற அளவில் இருக்கும். பக்கவாதம் தொடங்கிய முதல் சில மணி நேரத்திலோ, பாதித்த பகுதிக்கும் நல்ல பகுதிக்கும் உள்ள வித்தியாசம் சில எண்கள்தான். டிடெக்டரின் ஒரு கண் மட்டும் தவறாக அளந்தாலும் போதும், அது சுற்றி வந்த பாதை படத்தில் ஒரு வளையமாக விழும். மூளையின் நடுவில் அப்படி விழுந்தால் நோயை மறைக்கலாம், இல்லாத நோயைக் காட்டலாம். பிறகு மறுபடியும் ஸ்கேன், மறுபடியும் கதிர்வீச்சு.

இதைத் தவிர்க்க மெஷின் தயாரிப்பாளர்கள் செய்திருக்கும் ஏற்பாடு விசித்திரமானது. பல மெஷின்களில் டிடெக்டருக்குப் பக்கத்திலேயே சிறிய ஹீட்டர் வைத்து, அறையை விடச் சற்றுக் கூடுதலான ஒரே சூட்டில் அதை நிறுத்தி வைக்கிறார்கள். சூடோ குளிரோ, மாறாமல் இருப்பதுதான் முக்கியம்.

அப்படியானால் ஏசி எதற்கு? எக்ஸ்ரே குழாய்க்குச் செலுத்தும் மின்சாரத்தில் ஒரு சதவீதம்கூடக் கதிராவதில்லை. மீதி எல்லாம் வெப்பம். பல மெஷின்களில் அந்த அனல் அறைக்குள்தான் வந்து கொட்டும். ஏசி அதை வெளியே தள்ளாவிட்டால் அறை சூடாகி, ஹீட்டர் காத்து வரும் அளவையும் டிடெக்டர் தாண்டிவிடும். கதவைத் திறந்து வைத்தால் வெளிக்காற்றோடு ஈரப்பதமும் உள்ளே வரும். மின்னணுப் பாகங்களுக்கு அதுவும் ஆகாது.

மின்சாரம் போய் மெஷின் முழுவதும் அணைந்துவிட்டால் டிடெக்டர் ஆறிவிடும். மின்சாரம் திரும்பிய பின் பழைய சூட்டுக்கு வந்து நிலைக்க, மாடலைப் பொறுத்து ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அதன்பின் குழாயைச் சூடேற்றி, உள்ளே யாரும் இல்லாமல் வெறும் காற்றை அளந்து சரிபார்க்க வேண்டும். "கரண்ட் வந்துடுச்சே, இன்னும் ஏன் எடுக்கலே?" என்று டெக்னீஷியனோடு நாம் சண்டை போடும் நேரம் இதுதான். சண்டையை விட, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பது பயன் தரும். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே கெடு. அதனால் காத்திருப்பதா, வேறு மருத்துவமனைக்குக் கொண்டு போவதா என்பதை உடனே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். குளிர்கிறது என்றால் போர்வை கேட்கலாம். ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துப் போகலாம். துணைக்குப் போகிறவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம்.

ஸ்கேன் மையம் தொடங்க நினைக்கும் ஜமாஅத்துகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும் ஒரு வார்த்தை. மெஷினுக்கு நன்கொடை தர ஆள் கிடைப்பார்கள். அவர்கள் பெயரைச் சுவரில் பதிக்கலாம். இரண்டாவது ஏசிக்கும் யுபிஎஸ் பேட்டரிக்கும் யாரும் பெயர் பதிப்பதில்லை, அதனால் அவை கடைசிவரை தள்ளிப் போகும். ஓர் ஏசி பழுதானால் மற்றது ஓட வேண்டும். மின்வெட்டிலும் டிடெக்டரின் ஹீட்டர் அணையக்கூடாது. எனவே அறையின் அளவையும் மெஷின் வெளியேற்றும் வெப்பத்தையும் கம்பெனியிடம் எழுதி வாங்கி, அதற்கேற்ற ஏசிக்கும் பேட்டரிக்கும் முதலில் பணத்தை ஒதுக்கிவிட்டு, அதன் பிறகு மெஷினின் விலையைப் பேசுங்கள்.